பெரிய டீச்சருக்குக் கொடுத்தனுப்பிய குழம்பு

என் கைக்கு ருசி இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா சொன்னதை நான் நம்பினேன். பதின்மூன்று வயதில் நைனாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? இன்றைக்கு யாராவது என் சமையலைப் புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அடுத்து என்ன கேட்கப் போகிறார்கள் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மருமகள் பாவம், வந்த புதிதில் இது தெரியாமல் "சாம்பார் பிரமாதம் அத்தை" என்று சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து விழித்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேர நடை. நைனாவும் அம்மாவும் அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்களில் ஒவ்வொன்றாகத் தகரக் கொட்டகைகள் எழும்பின, புகைபோக்கிகள் வந்தன. நைனாவுக்கு ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அம்மாவுக்குத்தான் வேலை போயிற்று. நாற்று நட்ட இடத்தில் கம்பெனி நின்றால் எங்கே போய் நடுவது? அவள் அரிசி ஆலைக்கு நெல் அவிக்கப் போனாள். விடிவதற்குள் ஆலையில் இருந்தாக வேண்டும். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும், கையெல்லாம் ஆவி பட்டுச் சிவந்திருக்கும்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தங்கை ஐந்தாம் வகுப்பு, எங்கள் ஊர்ப் பள்ளியில். தம்பிக்கு மூன்று வயது. உலை வைக்க ஆள் வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார்.

"ஆயுத பூஜை வரைக்கும்தான் கண்ணு. அதுக்குள்ள அம்மாவுக்குப் பகல்ல ஏதுனா வேலை பாத்துடலாம். அப்புறம் நீ பாட்டுக்கு இஸ்கூலுக்குப் போ. யாரு வாணாங்குறாங்க?"

மூன்று மாதம்தானே என்று புத்தகங்களைத் துணியில் சுற்றி, பானை வைக்கும் பலகைக்கு மேலே வைத்தேன். நான் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. கணக்கு எனக்கு நன்றாக வரும். மூன்று மாதப் பாடத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அம்மா கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்றபடியே பாடம் நடத்துவாள். களிக்கு நொய் குழைய வெந்தால்தான் மாவைக் கொட்டணும். கருவாட்டை வெந்நீரில் ரெண்டு முறை அலசணும். புளியை முதலிலேயே ஊற்றினால் கத்திரிக்காய் வேகாது. சொல்லிக்கொண்டே தெருமுனை வரை போய்விடுவாள். நான் முதலில் கிண்டிய கேழ்வரகுக் களி கட்டி கட்டியாக இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. நைனா அதைக் குழம்பில் முக்கி மளமளவென்று விழுங்கிவிட்டு, "மொத நாளே இப்டின்னா, உங்கம்மாவத் தூக்கி சாப்புட்டுருவ போலக்கீதே" என்றார். தங்கை களியை வாயில் வைத்துக்கொண்டு முழிக்கிறாள், நான் பூரித்துப் போய் நிற்கிறேன். என் தலையில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நான்தான் அம்மியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு மாதத்தில் எனக்கு உண்மையாகவே சமையல் வந்துவிட்டது. சவுக்கு மிளாறுச் சுள்ளியில் எரியும் அடுப்பு சட்டென்று பற்றும், சட்டென்று அடங்கும். அதன் குணம் பிடிபட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. புளிச்சக்கீரையை வேக வைத்துப் பூண்டும் மிளகாயும் சேர்த்துக் கடைந்து, சென்னாக்கூனி என்ற பொடி இறாலை வறுத்து மேலே தூவுவேன். மொச்சையும் நெத்திலிக் கருவாடும் போட்டுக் குழம்பு. முருங்கைக்கீரையில் வேர்க்கடலையை இடித்துப் போட்டுப் பொரியல். பழைய சோற்றுக்குச் சுட்ட கத்திரிக்காய்ப் பச்சடி. பெரிய விருந்துச் சமையல் இல்லை. வேலைக்குப் போய் வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கும் சமையல்.

கம்பெனியில் மதியச் சங்கு ஊதியதும் நைனாவின் செட்டு ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து கேரியர்களைத் திறந்து நடுவில் வைத்துவிடுவார்களாம். யார் வீட்டுக் குழம்பும் யார் சோற்றிலும் விழும். நைனா சாயந்திரம் வந்து செய்தி சொல்லுவார்.

"இன்னிக்கு மேஸ்திரி உன் மொச்சக் குழம்புல அஞ்சு வெரலையும் நக்கிக்கினு, யாரு செஞ்சதுன்னு கேட்டான். எம் பொண்ணுன்னேன். நாளைக்கும் இதே எட்தாரச் சொல்லிக்கிறான்."

நான் வெட்கப்பட்டுக்கொண்டே மறுநாளுக்கு இன்னொரு கரண்டி கூடப் போட்டு அனுப்புவேன். வட்டத்தில் நைனாவுக்கு மரியாதை கூடியது. அதற்கு என் குழம்பு ஒரு காரணம் என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, மிகவும் பிடித்திருந்தது. என் கோபமே அதன் மேல்தான். பிடிக்காத வேலையைச் செய்யச் சொல்லி என்னை ஏமாற்றியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, நைனா பொரி கடலைப் பொட்டலமும் சந்தனப் பொட்டுமாக வந்தார். அம்மாவுக்குப் பகல் வேலை எதுவும் பார்த்தபாடில்லை. நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கேட்டேன். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயி பெரிய டீச்சரப் பாத்துப் பேசுறேன்" என்றார் நைனா. "மூணு மாசம் வராதவள சேத்துக்குவாங்களோ, இன்னாவோ. கேக்கப் போற எடத்துக்கு வெறுங்கையோட போவ முடியாது. உங்கையால நல்லதா ஒரு கொழம்பு வெச்சுக் குடு. சாப்ட்டா டீச்சரம்மா மனசு எறங்கும்."

பெரிய டீச்சர் என்பது எங்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கணவரை இழந்தவர், பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். உதவி கேட்டு யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் கையில் எதையாவது கொண்டுபோவது எங்கள் தெருவின் வழக்கம். கீரைக்கட்டு, முட்டை, நாலு மாங்காய், எதுவாக இருந்தாலும் சரி. குழம்பு கொண்டுபோவது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. நல்ல யோசனை என்றுதான் தோன்றியது.

பழவேற்காட்டிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்திறங்கும் மீன்காரம்மாவிடம் ஏரி இறால் வாங்கினேன். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை ஒவ்வொன்றாக உருவினேன். அன்றைக்கு அம்மாவுக்கு ஆலை லீவு. கேட்காமலே அம்மியில் உட்கார்ந்து மசாலா அரைத்துக் கொடுத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்து, முருங்கைக்காயை முக்கால் வேக்காடு வேக விட்டு, கடைசியில் இறாலைப் போட்டேன். சுருண்டு சிவந்ததும் இறக்கினேன். ஒரு கொதி கூடினாலும் இறால் ரப்பராகிவிடும். என் ஒன்பதாம் வகுப்பு அந்தச் சட்டியில் கொதிப்பதாகவே எனக்குத் தோன்றியது. தூக்குவாளியில் ஊற்றி, வாழையிலையால் மூடி, வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தேன்.

நைனா போய்த் திரும்பும் வரை தெருமுனையிலேயே நின்றேன். வந்தவர் தூக்குவாளியை என் கையில் கொடுத்தார். கழுவிக் கொடுத்திருந்தார்கள்.

"கேட்டேன் கண்ணு. எடம் இல்லியாம். பாதி வருசத்துல சேக்க மாட்டாங்களாம்."

"கொழம்ப சாப்ட்டாங்களா நைனா?"

"சாப்ட்டாங்க, சாப்ட்டாங்க."

"உப்பு கூடிப் போச்சா?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதை வைத்து நானே முடிவு பண்ணிக்கொண்டேன், உப்புக் கூடிவிட்டது என்று. அதற்குப் பிறகு நாலு மாதம் எண்ணி எண்ணிக் கல்லுப்புப் போடுவேன். ஒரு சிட்டிகை குறைத்திருந்தால் இந்நேரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்வேன். ஒரு பிள்ளை இப்படி நினைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அதே பிள்ளை போட்ட சோற்றைச் சாப்பிட ஒருவருக்கு மனம் வருமா? வந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் கடைத்தெருவில் பெரிய டீச்சரைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, எப்படி இருக்கே? அன்னைக்குக் குழம்பு கொடுத்து அனுப்பினியே, நானும் எத்தனையோ முறை முருங்கைக்காய் வாங்கிப் பார்த்துட்டேன், அந்த ருசி வரமாட்டேங்குது."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "உப்பு ஜாஸ்தியா இருக்கலியா டீச்சர்?" என்றேன்.

"யார் சொன்னது? அவ்வளவு கச்சிதமா இருந்துது. சாப்பிட்டப்புறம்தான் நானே விட்டுட்டேன். உனக்குன்னு இடத்தை வெச்சிருந்தேன், அனுப்புங்கன்னு எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். உங்க அப்பாதான், 'அவளுக்குப் படிப்புல நாட்டமே இல்லைங்க, அடுப்படியை விட்டு வரமாட்டேங்குறா, நீங்களே சாப்பிட்டுப் பாருங்க'ன்னார். இவ்வளவு மனசு வெச்சு சமைக்கிற பெண்ணை நாம ஏன் வற்புறுத்தணும்னு..."

மீதி எதுவும் என் காதில் விழவில்லை. தெருவோடு போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லாமல் ஓவென்று அழுதேன். எனக்காகப் பேசட்டும் என்று நான் அனுப்பிய குழம்பை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார் என் நைனா. அது எவ்வளவு ருசியாக இருந்ததோ அவ்வளவுக்கு என் படிப்பு போயிருக்கிறது. கொஞ்சம் தீய்ந்து போயிருந்தால் தப்பித்திருப்பேன்.

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "ஜூன்ல ஒன்பதாவதிலேயே உட்காரு. ஒரு வருஷம் போனா போகட்டும். உன் இடம் இருக்கு. அப்பா வந்து கையெழுத்துப் போடணும், அது இல்லாம என்னால முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். அம்மா ஆலையிலிருந்து வந்தாள், சட்டி காலி. நைனா வந்தார், சட்டி காலி. என்ன ஆச்சு என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். நைனா தலையைக் குனிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்தேதான் இருந்தார்.

"பொய்யா சொல்லிட்டேன்? நீ நல்லாத்தான சமைக்கிற? ஆசையாத்தான சமைக்கிற?"

அம்மாவிடம் திரும்பினேன். "நீயாவது சொல்லும்மா, இன்னா மனுசன் இவரு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா. "நானுந்தான் சொல்லச் சொன்னேன். ஆலைய வுட்டுட்டு வந்தா நாம இன்னா பண்றது? நீ அழுவியேன்னுதான் எடம் இல்லன்னு சொல்லச் சொன்னேன்."

நைனா ஏமாற்றியதை அன்றைக்கு ராத்திரியே என்னால் ஒரு மாதிரி விழுங்க முடிந்தது. அம்மா அன்றைக்கு உட்கார்ந்து மசாலா அரைத்ததைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மூன்று நாள் நான் அடுப்பைத் தொடவில்லை. டீக்கடை பன்னும் டீயும்தான் வீட்டுக்குச் சாப்பாடு. நைனா கேரியர் இல்லாமல் வேலைக்குப் போனார். வட்டத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். தம்பி பசியில் சிணுங்கியபோது மட்டும் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நாலாம் நாள் காலையில் நைனா வாசல்படியில் உட்கார்ந்து பீடியை அணைத்துவிட்டு, "ஜூன்ல வந்து கையெழுத்து போடறேன். போதுமா?" என்றார். தங்கையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜூன் வரைக்கும் சமைத்துப் போடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். அந்த மூன்று மாதம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேதான் குழம்பு கொதிக்க விட்டேன். தங்கை ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூனில் அவளும் என் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வரவேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவதைப் பற்றி அவள் தினமும் பேசுவாள். நான் பள்ளிக்குப் போனபின் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது?

நைனா வாக்கைக் காப்பாற்றினார். டீச்சர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு படிவத்தில்.

பள்ளி திறந்த அன்று காலை நான் தலை பின்னிக்கொண்டு உள்ளே போனபோது, தங்கை ஒரு மணைக்கட்டையைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு அவள் தோள் உயரம் இருந்தது. அம்மா ஆலைக்குப் போயாயிற்று. நைனா கேரியருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். "அஞ்சு வரைக்கும் படிச்சிட்டாள்ல" என்றார், என்னைப் பார்க்காமல். தங்கை திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"நீ கெளம்புக்கா, நாழியாவுது" என்றாள். "எனக்கு அட்த வருசமாம். நைனா சொன்னாரு."

அடுத்த வருஷம் என்றால் என்னவென்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் அடுப்பில் தண்ணீரைத் தெளித்திருக்கலாம். மூன்று நாளில் வளைந்தவர் இன்னொரு மூன்று நாளில் வளைந்திருப்பாரோ என்னவோ. ஆனால் என் இடம் போய்விட்டால்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சாயந்திரம் கொலைப் பசியோடு வீட்டுக்கு வந்தேன். தங்கை தட்டு வைத்து, மொச்சைக் குழம்பு ஊற்றிவிட்டு, எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். புறங்கையில் சூடு பட்டுக் கொப்பளித்திருந்தது. களியில் கட்டி இருந்தது, உடைத்தால் உள்ளே மாவு.

"எப்டிக்கா கீது?"

அப்படியே விழுங்கிவிட்டு, "மொத நாளே என்னைத் தூக்கி சாப்ட்டுட்டியேடி" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாளைக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் எனக்குப் பிடித்ததைச் சொன்னேன்.